தீ தொட்டுட்டுப் போகணும்

— கதவைத் திறக்காதீக. சொல்லுததக் கேளுங்க. முதல்ல அந்தத் தீயை அணைங்க.

— ஏ செல்வி, நீ எதுக்குக் கொல்லைப் பக்கமா வந்து நிக்கிறே? வாசல் வழியா வரவேண்டியதுதானே? பொழுதுகூட எறங்கல, அதுக்குள்ள கம்பெனி விட்டாச்சா?

— வேன்காரன் ஓடைக்கரையில எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். கிட்டக்கன்னு இப்படி வந்தேன். அதை விடுங்க. தகரக் கதவுக்கு மேல தீ தெரியுதே, அம்புட்டு ஒசரத்துக்கு எதுக்கு எரிய விட்டுருக்கீக?

— அதுதான் புள்ள சமையலு! கோழிக் கொழுப்பு சொட்டுதா, கரி மேல விழுகுதா, குப்புன்னு தீ எந்திரிக்குது. சிங்கப்பூர்ல அந்த ஜப்பான்காரன் ஓட்டல்ல ரெண்டு வருசம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே இதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்? செஃப் என்ன சொல்வாரு தெரியுமா, தீ கறியைத் தொட்டுட்டுப் போகணும், தங்கிறக் கூடாது. ஓகேயா? பொறு, பொறு, இந்தப் பக்கம் திருப்பிக்கிறேன்.

— மதினி, இந்த அண்ணன் மத்தியானத்துல இருந்து ஒத்தக் கோழியோட படுற பாட்டை நீங்க பாக்கணுமே! எலும்பை எடுத்து, தோலை மட்டும் விட்டு, சோயா சாஸ்ல இஞ்சி தட்டிப் போட்டு, வெல்லத்தைக் கரைச்சு ஊத்தி... மணல் சலிக்கிற வலையைக் கழுவி செங்கல்லு மேல வச்சுருக்காரு. பேரு தெரியாக்கியாம். அய்ய, செய்யத் தெரியாதவன் வச்ச பேருன்னு சொன்னேன், கோவம் வந்துருச்சு.

— பானு அங்கனயா இருக்கா? ஏங்க, தாயில்லாப் புள்ளைன்னு தங்கச்சியப் பிரசவத்துக்குக் கூட்டியாந்துட்டு, எட்டு மாச வயித்தோட தீ கிட்டயா நிறுத்தி வச்சுருக்கீக?

— நிக்கல மதினி. ஸ்டூல் போட்டு உக்காந்து விசிறிக்கிட்டு இருக்கேன்.

— எந்திரி. உள்ள போ.

— என்ன மதினி, குரலே மாறிக் கெடக்கு? தொண்டை கட்டிருச்சா?

— மருந்துத் தூசி தாயி. ஏங்க, கேளுங்க. இன்னைக்கு என்னையப் பாக்கிங்ல உக்கார விடல. பட்டாசுக்கு வெடிமருந்து கலக்குற ரூமுல போட்டுட்டாக.

— மருந்து ரூமுலயா? உன்னையவா? எவன் போட்டான்? போர்மேன் அய்யாதுரையா?

— ஆள் வரல, ஆர்டர் நிக்குது, இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் பாத்துக்கன்னாரு. போனேன்.

— வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல? சரி, பெறகு?

— பெறவு... செக்கிங் வந்துருச்சு. ஆளுக்கொரு பக்கமா ஓடச் சொன்னாக. குளிக்க விடல, மாத்துச்சேலை கட்ட விடல. அப்படியே வேன்ல ஏத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி எறக்கிட்டாக.

— அப்படின்னா உன் மேல...

— தலையில, சேலையில, எல்லாம் மருந்துதான். நீங்க தீயை வச்சுக்கிட்டுக் கதவைத் திறந்தா ஒரு பொறி போதும்.

— ஆத்தாடி! அண்ணே, கதவுகிட்டப் போகாத!

— சும்மா இரு பானு, நீ வேற. செல்வி, நீ பதறாத. அப்படியே ஓடைப் பக்கமாத் தள்ளி நில்லு. இன்னும் கொஞ்ச நேரந்தான். சாஸ் இனிமேத்தான் பூசணும். முன்னாடியே பூசுனா வெல்லம் கருகிக் கசந்துரும். கடைசியில பூசி, தீயில காட்டி எடுத்துட்டா முடிஞ்சது வேலை.

— நிக்க முடியலைங்க.

— அப்ப அந்தத் துவைக்கிற கல்லுல உக்காரு.

— உக்கார முடியாது.

— என்ன பேச்சு புள்ள இது? நிக்கவும் முடியாது, உக்காரவும் முடியாதுன்னா?

— சேலை உரசக் கூடாதுல்ல. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க காரியாபட்டிப் பக்கம் உழுத ஆளு. செல்லத்தாயக்கா இப்படித்தான் ஒருநா குளிக்காம வந்து, புள்ளைக பசிக்குதுன்னு அடுப்பைப் பத்த வச்சா. அக்கம்பக்கம் ஓடியாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. இந்த ஊருல வேலைவிட்டு வந்தா முதல்ல தண்ணி, பெறவுதான் அடுப்பு. புதுப்பட்டியில பச்சைப் புள்ளைக்கும் தெரியும் அது.

— எனக்கு மட்டும் தெரியாதா? நீ சீக்கிரமா வருவேன்னு தெரியாது, அதான் பத்த வச்சேன். சரி, நீ கதவுல சாஞ்சுக்க. நான் பக்கத்துல வரல.

— சாய முடியாதுங்க.

— அண்ணே, தகரத்துல ஆணி போன ஓட்டை இருக்குல்ல, நான் வேணா அது வழியா மதினியப் பாக்கட்டா?

— பாக்காத! பானு, அந்தப் பக்கம் வந்தீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். சொல்லிட்டேன்.

— அய்ய, பாக்கக்கூடவா கூடாது? மருந்து என்ன கண்ணு வழியாவா வந்து ஒட்டிக்கிரும்?

— செல்வி, நீயும் என் நெலமைய யோசிக்கணும். அச்சாபீஸ் லட்சுமிகாந்தம் முதலாளி மகன் தருண் தம்பி, அவரே நம்ம வீடு தேடி வாராரு. விருதுநகர் ரோட்டுல ஏசி ஓட்டல் தொறக்கப் போறாரு. ஜப்பான் அயிட்டம் ஒண்ணு வேணும்கிறாரு. தின்னு பாத்துட்டுப் பிடிச்சுருந்தா இன்னைக்கே வேலை. வேற கோழி வாங்கி ஊறவைக்க நேரம் இல்ல. தீ படாம எறக்குனா இது வெறும் அவிச்ச கோழி. அவிச்ச கோழிக்கு யாரு வேலை குடுப்பா?

— தெரியுதுங்க.

— வேலை கெடைச்சா திங்கக்கிழமையில இருந்து நீ அந்தக் கம்பெனிப் பக்கம் தலை வச்சே படுக்க வேண்டாம். உனக்காகத்தானே இம்புட்டும் பண்றேன்?

— திங்கக்கிழமையில இருந்தா?

— ஆமா. இன்னைக்குச் சனி. நடுவுல ஒரு நாளு. அதுவும் லீவு.

— அப்ப இன்னைக்கு ஒரு நாளுதான் பாக்கி இருந்துச்சு, இல்ல?

— அதான் சொல்றேன்ல. இன்னைக்கோட முடிஞ்சது.

— மதினி, அழுறீகளா?

— இல்ல தாயி. புகை கண்ணுல அடிக்கி.

— புகை இந்தப் பக்கமால்ல வருது? என் மூஞ்சியிலதான் அடிக்குது.

— பொறு, பொறு, போன் அடிக்குது. தருண் தம்பிதான். ஆங், தம்பி! வணக்கம் தம்பி. கெளம்பிட்டீகளா? வாங்க, வாங்க. எல்லாம் ரெடியாத்தான் இருக்கு. ஆமா தம்பி, தீயிலதான் வாட்டுறேன், தோசைக்கல்லு எல்லாம் கெடையாது. மெயின் ரோட்டுல தண்ணித் தொட்டி தாண்டி மூணாவது சந்து. சரி தம்பி. பாத்தியா செல்வி, கெளம்பிட்டாரு! பானு, அந்தக் கிண்ணத்த எடு. இப்பப் பூசுனாத்தான் சரியா இருக்கும். இந்தா... கேக்குதா செல்வி, சொர்ர்ருங்குது பாரு!

— வேண்டாங்க! அந்தச் சத்தம் வேண்டாம்! அய்யோ, நிறுத்துங்க! உங்க கால்ல விழுதேன், நிறுத்துங்க!

— ஏ... ஏ புள்ள, என்ன இப்படிக் கத்துறே? தீ உங்கிட்ட வரல. எங்கிட்டதான் இருக்கு.

— அண்ணே, மதினி இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. அணைச்சுரு. எனக்குக் கோழியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

— நீ எதுக்கு வயித்தப் புடிக்கிறே? வலிக்குதா?

— வலி இல்ல. புள்ள உள்ள உருளுது. மதினி சத்தம் அதுக்கும் கேட்டுருச்சு போல.

— பாத்தீகளா? புள்ளத்தாச்சி பயந்துறக் கூடாதுங்க. அவளுக்கு ஒண்ணுன்னா அவ மாமியா வீட்டுக்கு நாம என்ன பதில் சொல்ல? எனக்காக வேண்டாம். அவளுக்காக அணைங்க.

— அணைச்சா நம்ம கதை முடிஞ்சுருச்சு செல்வி. இன்னொரு தடவை அந்தத் தம்பி வரமாட்டாரு. தெரிஞ்சுதான் சொல்றியா?

— தெரிஞ்சுதான் சொல்லுதேன்.

— எனக்குப் பயமா இருக்கு புள்ள. தீயப் பாத்தாலும் பயமா இருக்கு, உன் குரலக் கேட்டாலும் பயமா இருக்கு. அவரு வந்து நிக்கையில நான் வெறுங்கையோட நிக்கணும்னு நெனைச்சா அதுக்கும் பயமா இருக்கு. எதுக்குன்னு பயப்பட நான்?

— உசுரோட கெடந்தா எல்லாத்துக்கும் பயந்துக்கிடலாம். இப்ப அணைங்க.

— சரி. தள்ளு பானு. அந்த வாளித் தண்ணிய எடு...

— தண்ணிய ஊத்தாதீக! குழாயில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு? மண்ணை அள்ளிப் போடுங்க. டிரம்முத் தண்ணி எனக்கு வேணும். அம்புட்டும் வேணும்.

— கோழிய எடுத்துட்டுப் போடுறேன். ச்சே, தோலு வலையோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. பொறு, பொறு.

— விட்டுருங்க. கோழியோட சேத்தே போடுங்க.

— செல்வி!

— போடுங்க!

— போட்டுட்டேன். இந்தா, இன்னொரு கூடை. எல்லாம் மண்ணாப் போச்சு. போதுமா? இப்ப நிம்மதியா உனக்கு?

— பொறி இருக்கா?

— இல்ல.

— அண்ணே, அந்த ஓரத்துல கங்கு ஒண்ணு மினுக்குது பாரு.

— மிதிச்சுட்டேன். இப்ப இல்ல.

— உள்ள ஸ்டவ்வு?

— அது காலையில அணைச்சதுதான்.

— சாமி விளக்கு?

— இன்னும் ஏத்தல மதினி. இனிமேத்தான் ஏத்தணும்.

— ஏத்தாத தாயி. நீ ஒண்ணு செய்யி. வாசல் வழியா வேலுத்தாயக்கா வீட்டுக்குப் போயி இரு. மருந்து வாடை வயித்துப் புள்ளைக்கு ஆகாது. நான் குளிச்சு முடிச்சுட்டுச் சொல்லி விடுதேன்.

— உங்கள ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே மதினி. எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு.

— வேண்டாம்னு சொன்னாக் கேக்க மாட்டியா? கோவிச்சுக்கிடாத தாயி. பெறவு பாக்கலாம். அவுக வீட்டுக்காரரு இருளாண்டி அண்ணன் இருந்தா ஆட்டோவ நம்ம வாசல்ல கொண்டாந்து நிறுத்தச் சொல்லு. ஒடனே.

— ஆட்டோ எதுக்கு மதினி?

— உங்கண்ணன் டவுனுக்குப் போகணும். வேற கோழி வாங்கியாரணும்.

— அய்ய, இத முதல்லயே சொல்லக் கூடாதா! நான்தான் கண்டதையும் நெனைச்சுப் பயந்துட்டேன். அண்ணே, எலும்பை அங்கேயே எடுக்கச் சொல்லி வாங்கு. இந்தாப் போறேன்.

— மெதுவாப் போ. படியப் பாத்து எறங்கு.

— போயிட்டாளாங்க?

— போயிட்டா. வேற கோழி வாங்க எங்க புள்ள நேரம்? அவரு வந்துக்கிட்டு இருக்காரு.

— வாசக்கதவைச் சாத்திட்டு வாங்க.

— சாத்திட்டேன். தண்ணிக் கொடத்தோட நிக்கிறேன். கொண்டியத் தொறக்கட்டா?

— அதுக்கு முன்னாடி உங்க பழைய வேட்டி ஒண்ணு நைஞ்சு மெத்துனு இருக்குமே, அதை எடுத்துக்கிடுங்க. பெறவு கொல்லை வாழையில பெரிய இலையா ரெண்டு மூணு அறுத்து நடுவீட்டுல விரிங்க.

— இலையா? சாப்பிடவா? திங்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லாமப் பண்ணிட்டியே.

— சாப்பிட இல்லைங்க.

— பெறகு எதுக்கு? ஏ செல்வி, உனக்குப் பல்லு ஏன் இப்படி அடிக்குது? சித்திரை வெயில்ல உனக்குக் குளுருதா?

— ஆமாங்க. ரொம்பக் குளுருது.

— செக்கிங்னு சொன்னியே. யாரு வந்தா? எத்தனை பேரு வந்தாங்க?

— யாரும் வரல. பானு கேட்டுக்கிட்டு இருந்தா, அதான் அப்படிச் சொன்னேன். நீங்க சத்தம் போட்டு அழக் கூடாது. தெருவுக்குக் கேட்டா அவளுக்கும் கேட்டுரும். தண்ணிய மெதுவா ஊத்துங்க. எம்மேல கைய மட்டும் வச்சுராதீக.

— வைக்க மாட்டேன் புள்ள. மருந்தோட நிக்கிறவளைத் தொடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். இந்தா, கதவைத் திறக்கிறேன்.

— மருந்து இப்ப எம்மேல இல்லைங்க. அது அங்கனயே எரிஞ்சு முடிஞ்சுருச்சு.