உப்பு பூக்காத சட்டை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் நீராவி பஸ்ஸில், என் முன்சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், காலடியில் ஒரு கேன். பெருமுக்கல் தாண்டியதும் இளையவள் கேட்டாள்:

"ஏன்க்கா, உலைக்கோட்டை ஒற்றனுங்களுக்கு வேர்த்தா உப்பு பூக்காதாமே?"

உலைக்கோட்டை எங்களை ஆளுகிற கோட்டை. அதைப் பற்றி யாரும் வெளியில் பேசுவதில்லை. ஒட்டுக்கேட்பதில் காட்டும் திறமையை வேறெதிலாவது காட்டியிருந்தால் நான் எப்போதோ உருப்பட்டிருப்பேன்.

"பூக்காதுடி. அவன் உள்ள ஓடுறது வெறும் ஆவி. நம்ம துணி காஞ்சா வெள்ளையா கோடு விழும், அவனுக்கு விழாது. தான் மிஷினுன்னு அவனுக்கே தெரியாதாம்."

"கேன்ல என்னான்னு எவனாவது கேட்டா?"

"மோருன்னு சொல்லு. இந்த உப்புத்தண்ணிய கோட்டை கொதிகலன்ல ஊத்திட்டா எல்லாம் அடைச்சிக்கும், ஜெயில் கதவு தொறந்துக்கும். உன் வூட்டுக்காரன் வெளிய வந்துடுவான்."

இளையவள் திரும்பி என்னைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

"அக்கா, பின்னாடி இருக்கிறவரு சட்டை நனைஞ்சி காஞ்சிருக்குது. ஒரு கோடு கூட இல்ல."

"திரும்பாதடி. எறங்கு."

அடுத்த நிறுத்தத்தில் கேனோடு இறங்கி உப்பள வரப்பில் ஓடினார்கள். டாக்டர் பேச்சைக் கேட்டு என் மனைவி சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டாள், அதனால்தான் என்று சிரித்துக்கொண்டேன். பிறகு, யாரும் பார்க்காதபோது புறங்கையை நக்கினேன். மழைத்தண்ணீர் போல் சப்பென்றிருந்தது.

மரக்காணத்தில் பஸ் நின்று, என்ஜினும் அடங்கியது. ஆவி சீறும் சத்தம் மட்டும் அடங்கவில்லை.

வாயை மூடினேன். நின்றது.