அறுக்காத ரேசரு

அது வேண்டாமுங்க பாய். அந்த இரும்பு ரேசரு எங்கூட்டுலயே இருக்குது, என்ற ஊட்டுக்காரரு வெச்சிருந்தது. வேற காட்டுங்க. அறுக்காத ரேசரா ஒண்ணு.

சிரிக்காதீங்க. அறுக்காம எப்பிடி மயிரு போகுமுன்னுதான் முந்தின கடைக்காரரும் கேட்டாரு. மயிரு போகோணும், தோலு போகக்கூடாது. அவ்வளவுதானுங்க. இந்த டவுன்ஹால் கடவீதியில உங்க கடை நாலாவது.

உள்ளூரு இல்லீங்க, அவிநாசி. பேரு வள்ளியாத்தா. பெரியாஸ்பத்திரியில அவருக்கு மாத்திரை வாங்க வந்தேன். வாதம் வந்து வலது பக்கம் பூராம் விழுந்துபோச்சுங்க. மூணு மாசமாச்சு. பேச்சும் வரமாட்டீங்குது.

மொதல்ல சவரக்காரரை ஊட்டுக்கே வரச்சொன்னேன். ஒருக்கா வந்துபோனா பாஞ்சு ரூவா. வாரம் ரண்டு தடவைன்னா மாசம் நூத்தி இருவது. நானு பனியன் கம்பெனியில பிசிறு வெட்டறவ, எனக்குக் கட்டுமுங்களா? செரி, நாமளே செஞ்சுபோடலாமுன்னு அவரு ரேசரையே எடுத்தேன். பிளேடு ஒண்ணேகால் ரூவா, நாலு தடவைக்கு வருது. ஒரு சவரத்துக்கு முப்பது காசுச் சொச்சம். அதவிடச் சல்லிசு உண்டுங்களா?

இதென்னங்க, மஞ்சக் கலருல? பூராம் பிளாஸ்டிக்கா? தேஞ்சா புடியோட வீசிப்போடறதா! அட சாமி, வீசறதுக்குன்னே ஒரு சாமானம் செய்யறாங்களா, வேப்பங்குச்சியாட்ட. பத்து ரூவாய்க்கு எத்தன தடவ வரும்? அஞ்சா? அப்பத் தடவைக்கு ரண்டு ரூவா. ஒரு டீ குடிச்சுப்போடலாமுங்க.

அந்த அட்டையில ஒட்டியிருக்கறது? ரெட்டை பிளேடுங்களா. தலை எப்பிடி ஆடுது பாருங்க, சொன்னதுக்கெல்லாம் செரி செரிங்கற மாப்பளையாட்ட. புடி அறுவது, அஞ்சு பிளேடு எழுவதா? அப்பப் பிளேடு ஒண்ணு பதினாலு ரூவா. பத்து தடவைக்கு நிக்குமுங்களா? மெய்யாலுமா? அப்பிடிப் பாத்தா தடவைக்கு ஒண்ணு நாப்பதுதான் வருது. அந்த மஞ்சளவிட இது சல்லிசு! ஆனா கைய உட்டு ஒட்டுக்கா நூத்தி முப்பது போகோணுமே. அதுதான் வவுறு எரியுது.

முப்பது காசுல முடியறத உட்டுப்போட்டு இதெதுக்குங்கறீங்களா? என்ற கை நடுங்காதுங்க பாய், கத்தரி புடிச்சே பழகுன கை. அவருதான் நடுங்கறாரு. சோப்புப் போடற வரைக்கும் ஒண்ணுமில்ல. பிளேடைப் போட்டுத் திருகி ரேசரை எடுத்துட்டுக் கிட்டப் போனாப் போதும், கண்ணை இறுக்கிக்கறாரு. மொத நாளு, சோப்புத் தண்ணி கண்ணுக்குள்ள போயிருச்சாட்டத்தான் இருக்குதுன்னு நானும் நெனச்சுப்போட்டேன்.

அப்பறந்தானுங்க வெளங்குச்சு. விழுந்துபோன அந்த வலது கை இருக்குதே, இருவத்திரண்டு வருசம் என்னய அடிச்ச கையிங்க. கொழம்புல உப்பில்லைன்னா அடி, ஒறம்பரை சொந்தக்காரங்க ஊட்டுல சிரிச்சுப் பேசுனா அடி. இப்ப நானு கத்தியோட நிக்கறேன், அவரு கழுத்தக் காட்டீட்டு உக்காந்திருக்கறாரு. பயந்துக்காம என்ன பண்ணுவாரு?

பொய் எதுக்குங்க, எனக்கு அது கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு. போன வெள்ளிக்கெழமை வேணும்னே தொண்டையில பிளேடை வெச்சுட்டுச் சித்த நேரம் அப்பிடியே நின்னேன். சும்மா நின்னேன். கீழ பாத்தா வேட்டி நனைஞ்சு தண்ணி ஓடுதுங்க.

எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ரேசரைக் கழுவி வெச்சுப்போட்டு வேட்டி மாத்துனேன். அன்னைக்கிருந்து ஒரு கன்னம் வழுவழுன்னு, ஒரு கன்னம் தாடின்னு உக்காந்திருக்கறாரு. பாக்க வாரவங்க எல்லாம் சிரிக்கறாங்க.

அந்த ரெட்டை பிளேடே குடுத்துருங்க. வெலையக் கொறைக்க வேண்டாமுங்க பாய், இதுக்குன்னு எடுத்து வெச்ச காசுதான். பிரிக்காம அட்டையோடவே குடுங்க. அவரு கண்ணு முன்னாலயே பிரிச்சு, மொதல்ல என்ற கையில இழுத்துக் காட்டோணும்.