நடுங்காத கை

உலகம் தன் வேலைகளைச் சற்று நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டிய செய்தி ஒன்றை முதலில் அறிவித்துவிடுகிறேன் ஐயா: என் கை நடுங்காது. புகைப்படச் சங்கமே இதற்காகக் கேடயம் கொடுத்திருக்கிறது. அதில் என் பெயரைத் தப்பாகப் பொறித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

பறக்கும் விமானத்தைச் சட்டென்று சொடுக்கினால், முன்னாலுள்ள விசிறி நின்றுபோனதுபோல் பதியும். கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைதான். விசிறி சுழல்வது தெரியவேண்டுமானால் ஷட்டரை மெதுவாக வைத்து, விமானத்தோடு கேமராவையும் கூடவே திருப்பவேண்டும். கை இம்மி பிசகினாலும் படம் போச்சு.

அன்று விமானக் கண்காட்சியில் நான் படமெடுக்கப் போன இரட்டை இறக்கை விமானத்தை என் தம்பி ஓட்டை உடைசலாக வாங்கி, பாதி வாழ்க்கையை அதற்குள் கொட்டிப் பறக்கவைத்திருந்தான். அந்தக் கண்காட்சியோடு அது அருங்காட்சியகத்துக்குப் போவதாக இருந்தது. சிறப்பு விருந்தினர் அதன் பெருமையை, அதில் ஏறப்போகாதவருக்கே உரிய வீரத்தோடு வெகுநேரம் முழங்கினார்.

ஏறுமுன் தம்பி சொன்னான்: "ரெண்டு ரெக்கையும் தெரியணும்ணே. என் மூஞ்சி வேண்டாம், அதை இவ தினம் பாத்து நொந்துக்கறா."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி, "பின்ன, ரெக்கையையா கட்டிக்கிட்டேன்?" என்றாள்.

இஞ்சினை முடுக்கியபோது நீள லென்ஸ் வழியாகப் பார்த்தேன். மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளெல்லாம் விறைப்பாக நின்றன. ஒன்று மட்டும் துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து ஆடியது. நான் மெக்கானிக் இல்லை ஐயா. அந்தக் காலத்து விமானம், அதன் சுபாவமே அப்படியிருக்கலாம். தவிர, சொன்னால் நிறுத்திவிடுவார்கள். சாயும் வெயில் யாருக்காகக் காத்திருக்கும்?

"என்ன மாமா, அப்படிப் பாக்கறீங்க? எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"பிரமாதமா இருக்கும்மா" என்றேன். வெளிச்சத்தைச் சொன்னேன்.

அவள் நிம்மதியாக அவனுக்குக் கையசைத்தாள். அவனும் அசைத்துவிட்டுக் கிளம்பினான்.

திடலை ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பும்போது இறக்கை மடிந்தது. நான் எடுத்துக்கொண்டேயிருந்தேன். அவன் கேட்டபடி, இரண்டு இறக்கையும் தெரியும்படியாக.

அவள் இப்போதும் என்னிடம்தான் வந்து அழுகிறாள். "கடைசிவரைக்கும் அவரைப் பாத்துக்கிட்டே இருந்தது நீங்கதான் மாமா" என்கிறாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

ஆபத்து தெரிந்தே அவனைப் பறக்கவிட்டேன் என்கிறீர்கள். தெரிந்திருந்தால் அப்படி நிதானமாக நின்று படம் எடுத்திருப்பேனா? எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலைதான் படங்களைத் திறந்து பார்த்தேன். இறக்கை மடிவதற்கு வெகு முன்பே, ஓடுபாதையை விட்டு அது அழகாக மேலெழுந்த முதல் படத்திலிருந்தே, எல்லாப் படங்களும் ஆடி மங்கியிருக்கின்றன. ஒன்றும் தேறாது.