எண்பத்து மூன்று ஓட்டு

எனக்குக் காய்ச்சல் பார்க்கக் கருவி வேண்டாம், சாமி. நெற்றியில் புறங்கையை வைத்தாலே தெரிந்துவிடும். பதினாறு வருடமாகத் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருக்கிறேன்.

வேலிக்குள் அடைத்த எங்கள் குடியிருப்புக்கு இந்த ஆண்டுதான் முதல் உள்ளூர் மன்றத் தேர்தல். கட்சி என்னை நிறுத்தியது. ஓட்டு உள்ளவர்கள் எண்பத்து மூன்று பேர். மருந்துக்கு வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக மனதை அறிந்துகொள்வேன். தை மாதம் ஐம்பத்தொரு பேர் எங்கள் பக்கம். ஈஸ்டருக்குள் முப்பத்தெட்டு. பிறகு இருபத்து நான்கு. ஒருவர் நம்மை விட்டு எதிரியிடம் போனால் குறைவது ஒன்று. எதிரிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தில் இரண்டு. கட்சிக்காரர்கள் பலருக்கு இது புரிவதில்லை.

காரணம் அரிசி. காட்டில் ஒளிந்திருக்கும் கலகக்காரர்களுக்குப் போய்விடும் என்று வீட்டில் உலை வைக்கத் தடை. பொதுச் சமையல் சோறுதான். கட்சி வாயைத் திறக்கவில்லை. எதிர்த்து நின்ற அய்யாவு திறந்தார். ரப்பருக்குப் பால்மரம் வெட்டுகிறவர், கூட்டம் போட்டுப் பேசத் தெரியாது. "எம் புள்ளைக்கு எம் பொண்டாட்டி சோறாக்கக் கூடாதாலே?" என்று மட்டும் கேட்டார். அது போதுமாயிருந்தது.

தேர்தலுக்கு ஆறு நாள் முன்பு அவரே என்னிடம் வந்தார். பாடாங் மேஹாவில் தங்கை வீட்டில் விட்டிருந்த மகள் ரமணிக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிறதாம்.

"டிரஸ்ஸரய்யா, எலெக்சன் கெடக்கட்டும். நீங்கதான் காப்பாத்தணும்."

இருபது மாத்திரை கொடுத்தேன். வேலிக்கு வெளியே மருந்து போக என் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். அவருக்கு அது தெரியாது. நான் எழுதவில்லை.

கேட்டில் அவர் சைக்கிளைச் சோதித்து அவரைப் பிடித்தார்கள். போலீஸ் அதிகாரி மருந்தகத்துக்கு வந்து, "நீ கொடுத்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மாத்திரைகள் கொஞ்ச நாளாகவே காணாமல் போவதாகவும் சொன்னேன்.

மறுநாள் அய்யாவு மனைவி ராக்காயி வந்தாள். "நாந்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. அவர விட்டுருவாங்க. மாத்திரையாச்சும் குடுங்க, புள்ள நீலம் பாஞ்சு கெடக்கு."

மறுபடி கொடுத்தால் முதலில் கொடுத்தது யார் என்று தெரிந்துவிடும். "தேர்தல் முடியட்டும்மா," என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. ரமணி இரண்டு நாள் தாங்கினாள்.

வாக்குச் சீட்டில் அய்யாவு பெயர் இருந்தது. பயத்தில் பத்தொன்பது பேர்தான் ஓட்டுப் போட வந்தார்கள்; பதினேழு எனக்கு. சுங்கை பட்டாணியிலிருந்து கட்சி மாலை அனுப்பியது. இப்போது மருந்தகத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் நோயைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. எந்தக் குழந்தையின் முதுகில் காது வைத்தாலும், நான் தொட்டே பார்க்காத அந்தப் பிள்ளையின் மூச்சுதான் இழுக்கிறது. அதனால் வந்தேன்.

அய்யாவுவை நாகப்பட்டினத்துக்கு நாடு கடத்துகிறார்கள். வியாழக்கிழமை பினாங்கில் கப்பல். இன்றைக்குத் திங்கள். போலீஸ் நிலையம் இந்தக் கோயிலுக்கு எதிரேதான் இருக்கிறது. அதைக் கடந்துதான் வந்தேன். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் வெளியே சொல்ல முடியாதல்லவா. மன்னிப்பைச் சொல்லுங்கள் சாமி, நான்கு மணிக்கு மன்றக் கூட்டம் இருக்கிறது.