சாமிதுரை யார் மடியில் செத்தார்

என் பெயர் செல்வநாயகி, வயது 44. காலஞ்சென்ற சாமிதுரையின் மனைவி. நல்லூரில் மகள் வேல்விழியுடன் குடியிருந்து தையல் வேலை செய்து வருகிறேன். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

என் கணவர் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு வரும் களிமண் லாரிகளையும் விறகு லாரிகளையும் மறித்து மாமூல் வாங்கும் கும்பலை நடத்தி வந்தார். 2005-ஆம் ஆண்டு எதிர்க் கும்பலார் அவரைத் தொழிற்பேட்டையில் வெட்டிக் கொன்றார்கள். நான் அப்போது வேல்விழியை வயிற்றில் வைத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சியில் என் தாய் வீட்டில் இருந்தேன். உடலை, முகத்தைத் துணியால் கட்டித்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

சென்ற வருடம் சென்னை எழுத்தாளர் ஒருவர் என் கணவர் கதையைப் பேர் மாற்றி நாவலாக எழுதினார். மகள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் அவருக்குப் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்யும் காதலி ஒருத்தி இருக்கிறாள். அவள் வைத்த விரால் மீன் குழம்பை அவர் ருசித்துச் சாப்பிடுகிறார். அவள் மடியில்தான் உயிரை விடுகிறார். மனைவி ஒரே ஒரு இடத்தில் வருகிறாள், அவளுக்குப் பேர் இல்லை. என் கணவர் என் வீட்டில் மீன் தொட்டதே கிடையாது. நிஜத்திலும் அப்படி ஒருத்தி இருந்து, அவள் கையால் சாப்பிட்டிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். மகள் சலித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அதைப் படமாக எடுக்கப் போவதாகச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். தொழிற்பேட்டையில் உள்ள பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்யும் வளர்மதி என்பவரை மண்டபத்தில் மேடையேற்றி, கதைக்கு உயிர் கொடுத்தவர் என்று சால்வை போட்டார்கள். என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வளர்மதியின் படத்தை மகள் போனில் காட்டினாள். தலை நிறையப் பூ வைத்திருந்தார்.

அதன் பிறகு இன்று காலை பஸ் ஏறி அந்தக் கம்பெனிக்குப் போனேன். வளர்மதி பொம்மைகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்று, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. என் கணவரோடு என்ன பழக்கம் என்று கேட்டேன். ஒரு பழக்கமும் இல்லை என்றும், அவர் வெட்டுப்பட்டுக் கம்பெனிக்குள் ஓடி வந்து விழுந்ததாகவும், மற்றவர்கள் ஓடிவிட்டதாகவும், தான் மட்டும் நின்று தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்ததாகவும், எழுத்தாளரிடம் அதை மட்டுமே சொன்னதாகவும், மீதியை அவரே சேர்த்துக்கொண்டதாகவும் சொன்னார். நான் நம்பவில்லை. பலகையில் காய வைத்திருந்த பொம்மைகளைத் தள்ளிவிட்டேன். சுடாத பொம்மைகள் என்பதால் சத்தம் வரவில்லை. அதனால் சுட்டு வைத்திருந்தவற்றையும் எடுத்து உடைத்தேன். வளர்மதி தடுக்கவில்லை.

அதன் பிறகு, சாகும்போது அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசலக்கா. என் கைய புடிச்சிக்கினு இருந்தாரு. உசுரு போன பின்னாடியும் விரலப் பிரிச்சித்தான் எடுத்தாங்க" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. எந்தக் கை என்று கேட்டேன். வளர்மதி வலது கையை நீட்டிக் காட்டினார். பக்கத்தில் இருந்த பீங்கான் ஜாடியை எடுத்து அந்தக் கையில் அடித்தேன். ஜாடி உடைந்து உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கம்பெனிக்காரர்கள் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பலகை சரிந்து ஜாடி விழுந்து கையில் பட்டதாகவும், என் பேரில் புகார் எதுவும் இல்லை என்றும் வளர்மதி மருத்துவமனையில் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையல்ல. பலகை சரியவில்லை. அவர் எனக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கையைக் கேட்டு, பார்த்து, அந்தக் கையில்தான் அடித்தேன். அதை அப்படியே எழுதி வழக்குப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதியவர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்ததே.

(ஒப்பம்)
சா. செல்வநாயகி