எரிமலைக் கல்லும் ஒன்பது வயசுப் பையனும்

இல்லம்மா, என் கையில குடுக்காதீங்க. அந்த மேசை மேல வைங்க. ஆமா, மத்த கல்லுங்களோடதான். மறுபடி எரிமலையிலயே கொண்டுபோய்ப் போடுவோம்னு நெனச்சீங்களா? எது எந்த இடத்துக் கல்லுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் மியூசியத்துக்குப் பின்னாடி குவிஞ்சு கெடக்கு.

உக்காருங்க. கவிகா அங்கிள்னே கூப்பிடுங்க. ஹவாயில நரைச்ச தலை எல்லாருமே அங்கிள்தான்.

சுவத்துல இருக்கறதா? கல்லைத் திருப்பி அனுப்பினவங்க எழுதின மன்னிப்புக் கடுதாசிங்க. இங்க வர்றவங்க எரிமலைப் படத்தைக்கூடப் பாக்க மாட்டாங்க, நேரா இதுக்குத்தான் வருவாங்க. அந்த ஜெர்மனிக்காரர் கடுதாசியைப் பாருங்க. கல்லை எடுத்தேன், பொண்டாட்டி ஓடிப்போயிட்டா, எரிமலைத் தெய்வமே, பெலே தாயே, மன்னிச்சிடுன்னு. டிக்கெட் குடுக்கற நோவெலானி சொல்லுவா, இந்தாளு எழுதியிருக்கற லட்சணத்துக்கு, கல்லை எடுக்காட்டியும் அவ ஓடித்தான் போயிருப்பான்னு.

சிரிக்க மாட்டேங்கறீங்க. சரி, விடுங்க.

என்னது, உங்க பையனா எடுத்தான்? ஒன்பது வயசுலயா? பஸ்ல கைடு பேச்சைக் கேட்டதும் பயந்துபோய் ஷூவுக்குள்ள ஒளிச்சுட்டானா. ஐயோ பாவம். ஊருக்குப் போன மூணாம் மாசமே வீட்டுக்காரர் மாரடைப்புல... ம்.

அவன்கிட்ட சொன்னீங்களா, உன்னாலதான்னு? வாய்விட்டே சொல்லிட்டீங்களா.

இப்ப இருபத்தாறு வயசு. பேச்சுவார்த்தையே இல்ல. கல்லைத் திருப்பிக் குடுத்துட்டா அவன் திரும்பி வந்துடுவான்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.

அந்தக் கைடு என்னம்மா சொன்னான்? ஒரு கல்லை நீங்க எடுத்தா, ஒரு ஆளைப் பெலே எடுத்துக்குவாள்னா? ஒரு எழுத்து மாறாம ஞாபகம் வெச்சிருக்கீங்களே.

நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. சில வருஷம் முன்னாடி நெருப்புக் குழம்பு எங்க தெருவுக்கே வந்துடுச்சு. என் பொண்டாட்டி வீட்டைப் பெருக்கித் துடைச்சு, மேசை மேல பூமாலை வெச்சு, கதவைத் திறந்து விட்டுட்டு வந்தா. வர்றது பெலே, எடம் அவளோடது, நாம கொஞ்சநாள் இருந்துட்டோம்னு சொன்னா. வீடு போச்சு. அழுதோம், ஆனா திட்டல. வீட்டை எடுப்பா, தோட்டத்தை எடுப்பா, கடலுக்குள்ள புதுசா நெலத்தையும் குடுப்பா. சின்னப் பையன் ஒரு துண்டுக் கல்லை எடுத்ததுக்கு அவங்கப்பனை எடுக்கற அல்பப் புத்தி அவளுக்குக் கெடையாது. எங்க முன்னோருங்க யாரும் அப்படி ஒரு பேச்சுப் பேசினதில்ல.

பின்ன ஏன் சொன்னானா? ஆளாளுக்குப் பை நெறைய அள்ளிக்கிட்டுப் போனாங்கம்மா. எடுக்காதீங்க, எடுக்காதீங்கன்னு கத்திப் பாத்தான், எவனும் காதுல போட்டுக்கல. ஒருநாள் சும்மா பயமுறுத்திப் பாத்தான். பஸ்ஸே கப்சிப். ஒவ்வொரு பாக்கெட்டா காலியாச்சு. மறுநாளும் சொன்னான். போகப்போக ரொம்ப நல்லாச் சொல்லப் பழகிட்டான். பின்சீட்ல ஒரு பச்சப்புள்ள அதை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கும்னு அந்த மடையனுக்குத் தோணவே இல்ல.

எனக்கு எப்படித் தெரியுமா? பச்சைப் பூப்போட்ட சட்டை, மடியில உக்குலேலேங்கற குட்டி கிடார், பாட்டுக்கு நடுவுல மைக்கைப் புடிச்சுக்கிட்டு இதைச் சொன்னான், இல்ல? அப்ப எனக்கு முடி கறுப்பா இருந்துச்சும்மா.

அடிங்க, வாங்கிக்கறேன். ஆனா மொதல்ல பையன் நம்பரைப் போட்டு போனை என்கிட்ட குடுங்க. நீங்க பேச வேணாம். நான் சொல்லிக்கறேன்.