மேயர் தொரை கார்டு காட்டாத சனிக்கெழம

…நீங்களே நாயத்தச் சொல்லுங்க சிசிலியாக்கா. உத்தரவு போட்டது மேயர் தொரை. அத மதிச்சது எங்க வீட்டுக்காரரு, ஸ்பெஷல் போலீசு. இப்ப காட்டோரத்துல துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நிக்கிறது யாரு? இவரு! போன வாரம் அங்க ரெண்டு பேரச் சுட்டுட்டாங்க. அதான் தொரையப் பாத்து, இவரத் திருப்பிக் குடுங்கன்னு கேக்க பஸ் ஏறிட்டேன். கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, காத்து வரட்டும்.

தொரைன்னா வெள்ளக்காரன்னு நெனச்சீங்களா? அதான் இல்ல! யூதரு. பாக்தாத்துலேர்ந்து துணி மூட்டையோட கப்பல்ல வந்து எறங்குனவரு. ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்து லயம் லயமா சைக்கிள்ல வந்து விப்பாரு. எங்கம்மா கூறச்சேல அவரு மூட்டதான். "சாயம் போவாது தங்கச்சி"ம்பாரு, தமிழ்லயே! மொத தண்ணியிலயே போச்சு, அது வேற கத. அப்பறம் கட, அப்பறம் ரப்பர் யாவாரம், அப்பறம் கோட்டு, தொப்பி, நாக்காலி... நாக்காலியில ஒக்காந்ததும் தமிழு மறந்து போச்சு லா!

இந்த அவசரகாலம் வந்துச்சா... காட்டுல ஒளிஞ்சிருக்கற கம்யூனிஸ்டுக்குப் போயிருமாம், நம்ம பொம்பளைங்க பால் வெட்டப் போறப்ப ஒரு பிடி சோறு கொண்டு போவக் கூடாது. தடவிப் பாக்குறாங்க, வெக்கக்கேடு! அதப் பத்தி தொரை வாயத் தொறக்கல. பாடாங்கு மைதானத்துல மைக்கப் புடிச்சு, "அடையாளக் கார்டு இல்லாம வந்தா எங்கப்பனா இருந்தாலும் உள்ள போடு"ன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானுந்தான்.

ஒரு சனிக்கெழம இவரு டவுன் எல்லை கேட்டுல காவல் நிக்கிறாரு. தொரை நடந்து வர்றாரு, தம்பி வீட்டுக்கு, சாமி கும்புட. சனிக்கெழமன்னா அவங்க வண்டி ஏற மாட்டாங்களாம், பையில ஒண்ணும் எடுத்துட்டுப் போவ மாட்டாங்களாம். கார்டும் இல்ல! மொகம் தெரியாமயா? நல்லாத் தெரியும்! "உங்கப்பனுக்கே உத்தரவுன்னா உங்களுக்கும்தான் தொரை"ன்னு ஸ்டேசன்ல ஒக்கார வச்சிட்டாரு.

பெரிய அதிகாரி ஓடியாந்து, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கன்னு கெஞ்சுறான். சனிக்கெழம எழுத மாட்டாராம். ஜீப்புல ஏறுங்கன்னா ஏற மாட்டாராம். பொழுது சாஞ்சு நட்சத்திரம் தெரியிற வரைக்கும் பெஞ்சுலயே! சொல்லணும்க்கா, அதுல மனுசன் நேர்ம. நம்ம சோத்துக்காகவும் ஒரு நா அப்பிடி ஒக்காந்திருந்தா கையெடுத்துக் கும்புட்டிருப்பேன்.

மறுநா பாத்தா, புக்கிட் காத்தில்ல எங்க வீட்டுக்கே வந்துட்டாரு, பத்திரிகக்காரனோட! கோவமே இல்ல, சிரிக்கிறாரு. "இவன்தான் போலீசு"ன்னு முதுகுல தட்டிப் போட்டோ. "என்ன வேணும், கேளு"ன்னாரு.

இவரு, ஒண்ணும் வேணாம் தொரைன்னு சொல்ல வாயத் தொறக்குறாரு...

ஆங்? என்னக்கா அப்பிடிப் பாக்குறீங்க?

ஆமா, நான்தான் முந்திக்கிட்டேன். "இந்த கேட்டுல நின்னா இவருக்கு என்ன மதிப்பு? கார்ப்பரல் பட்டை போட்டு, தெறமைக்கு ஏத்த எடமாக் குடுங்க தொரை"ன்னேன். குடுத்துட்டாரு. அதே வாரம்!

கெளம்பறப்ப இவரு என்ன ஒரு பார்வ பாத்தாரு தெரியுமா...

அதுக்காக? பட்டைதானக்கா கேட்டேன், காட்டயுமா கேட்டேன்?